ஒரு மூட்டை சிமெண்டில் எவ்வளவு புகை?

கோலார் தங்கவயலில் ஆண்டர்சன்பேட்டை என்று ஒரு பகுதி. அங்கே ஒரு சிறிய வீடு. வீட்டில் ஐந்து பேர். மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகிவிட்டது. மகளும் மருமகனும் வந்தால் தங்க இடம் இல்லை. வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்குப் பத்தடி இடம் காலியாகக் கிடக்கிறது. அங்கே ஓர் அறை கட்ட வேண்டும். வீட்டுக்கார அம்மா சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்து வைத்திருக்கிறார்.

மேஸ்திரி வந்தார். இடத்தை அளந்தார்.

“எல்லாம் சேர்த்து நாற்பது மூட்டை சிமெண்டு பிடிக்கும், தங்கச்சி” என்றார்.

“கடையிலே ரெண்டு தினுசு சிமெண்டு இருக்குது அண்ணே. ஒரு மூட்டையிலே ‘பசுமை’ன்னு பச்சை எழுத்துலே போட்டிருக்குது. சிமெண்டுலே எப்படிப் பசுமை வரும்?” என்று அந்த அம்மா கேட்டார்.

மேஸ்திரி பதில் சொல்லும் முன் பக்கத்து வீட்டுத் தம்பி குறுக்கே வந்தான்.

“மூட்டையை விடுங்க அக்கா. எதிரே சயனைடு மேடு மலை மாதிரி நிக்குது. அந்த மண்ணை அள்ளி சிமெண்டிலே கலந்து கல்லு அடிச்சிடலாம். குப்பையும் தீரும், செங்கல் காசும் மிச்சம். அதுவும் பசுமைதானே?”

இரண்டும் நல்ல கேள்விகள். விடை தெரிய வேண்டுமானால் முதலில் சிமெண்டு எப்படி உருவாகிறது என்று தெரிய வேண்டும்.

சிமெண்டு பிறக்கும் உலை

சிமெண்டுக்கு மூலப்பொருள் சுண்ணாம்புக்கல். தமிழ்நாட்டில் அரியலூர்ப் பக்கம் இந்தக் கல் ஏராளம். அதனால்தான் அங்கே சிமெண்டு ஆலைகள் பல இருக்கின்றன.

சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுக்கிறார்கள். அதோடு களிமண் போன்ற பொருள்களைச் சேர்த்து மாவாக அரைக்கிறார்கள். அந்த மாவைப் பெரிய உருளை உலையில் போட்டுச் சுடுகிறார்கள். உலையின் சூடு சுமார் 1,450 டிகிரி. தண்ணீர் கொதிக்க 100 டிகிரி போதும். இதிலிருந்து அந்தச் சூட்டை ஊகிக்கலாம்.

உலையிலிருந்து கருமையான சிறு உருண்டைகள் வெளியே வரும். இவற்றுக்குக் கிளிங்கர் என்று பெயர். கிளிங்கரோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து நைசாக அரைத்தால் அதுதான் சிமெண்டு.

இந்த வேலையில் இரண்டு வழியில் கரியமில வாயு வெளியாகிறது.

முதல் வழி, உலையை எரிக்கும் நிலக்கரி. இது எல்லோருக்கும் தெரிந்த புகை.

இரண்டாவது வழி பலருக்குத் தெரியாது. கல்லுக்குள்ளேயே கரியமில வாயு அடங்கியிருக்கிறது. சுட்டால் அது பிரிந்து வெளியேறும். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்புதான் மிஞ்சும். மீதி 44 கிலோ வாயுவாகப் போய்விடும். சூளையில் சுட்ட சுண்ணாம்பு எடை குறைவாக இருப்பது இதனால்தான்.

சிமெண்டு உலையில் வரும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் இப்படிக் கல்லிலிருந்து வருவது. நிலக்கரிக்குப் பதில் வேறு எதை எரித்தாலும் இந்தப் பங்கு குறையாது.

கரியமில வாயு வானத்தில் கூடக் கூடப் பூமி சூடாகிறது. மழை தவறுகிறது, அல்லது ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிறது. கோலார் மாவட்டம் ஏற்கெனவே வறண்ட மாவட்டம். மழை தவறினால் முதலில் தவிப்பது இப்படிப்பட்ட ஊர்கள்தான். மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில், உலகம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால், நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்கு சிமெண்டிலிருந்து வருகிறது. சிமெண்டு உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு.

சிமெண்டே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? முடியாது. வீடில்லாதவர்களுக்கு வீடு வேண்டும். பள்ளிக்கூடம் வேண்டும். பாலம் வேண்டும். ஆகவே புகையைக் குறைத்துச் சிமெண்டு செய்வது எப்படி என்று பார்க்கிறார்கள்.

புகையைக் குறைக்கும் மூன்று பொருள்கள்

புகை வருவது கிளிங்கரால். மூட்டையில் கிளிங்கரைக் குறைத்தால் புகையும் குறையும். அதற்குப் பதிலாக எதைச் சேர்ப்பது? கண்டதையும் சேர்த்தால் சுவர் நிற்காது. சுண்ணாம்போடும் தண்ணீரோடும் சேர்ந்து இறுகும் குணம் அந்தப் பொருளுக்கு இருக்க வேண்டும்.

முதல் பொருள், நிலக்கரிச் சாம்பல். அனல் மின் நிலையங்களில் நிலக்கரியை எரிக்கும்போது மாவு போன்ற சாம்பல் மிஞ்சுகிறது. ராய்ச்சூர், மேட்டூர் போன்ற இடங்களில் இது மலையாகக் குவிகிறது. இந்தச் சாம்பலை நூற்றுக்கு 15 முதல் 35 பங்கு வரை சேர்க்கலாம் என்று இந்தியத் தர விதி சொல்கிறது. கடைகளில் பி.பி.சி. என்று விற்பது இந்தச் சிமெண்டுதான். சாம்பல் சேராத சாதாரணச் சிமெண்டை ஓ.பி.சி. என்பார்கள்.

இரண்டாவது பொருள், இரும்புக் கசடு. இரும்பு ஆலையில் தாதுவை உருக்கும்போது மேலே மிதந்து வரும் கழிவு இது. இதைச் சட்டென்று குளிர வைத்து அரைத்துச் சேர்க்கிறார்கள். பாதிக்கு மேல்கூடச் சேர்க்கலாம். இதற்குப் பி.எஸ்.சி. என்று பெயர்.

மூன்றாவது பொருள், சுட்ட களிமண். வெண்களிமண் வகைகளை 700 முதல் 850 டிகிரி சூட்டில் சுட்டால் போதும். களிமண்ணைச் சுடும்போது அதிலிருந்து வெளியேறுவது பெரும்பாலும் நீராவி. சுண்ணாம்புக்கல்லைப் போலக் கரியமில வாயு வராது. 50 பங்கு கிளிங்கர், 30 பங்கு சுட்ட களிமண், 15 பங்கு சுடாத சுண்ணாம்புக்கல் தூள், 5 பங்கு ஜிப்சம் என்று கலக்கிறார்கள். இந்தச் சிமெண்டுக்கு எல்.சி.3 என்று பெயர். சுவிட்சர்லாந்து, கியூபா, இந்தியா ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் சேர்ந்து இதை உருவாக்கினார்கள். சென்னை, தில்லி, மும்பை ஐ.ஐ.டி.களுக்கு இதில் பங்கு உண்டு. 2023இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இதற்கென்று தனித் தர விதி வெளியிட்டது.

ஆக, மூட்டையில் ‘பசுமை’ என்று எழுதக் காரணம் இதுதான். உள்ளே கிளிங்கர் குறைவு. ஆனால் எவ்வளவு குறைவு? அதனால் எவ்வளவு புகை மிச்சம்? பச்சை எழுத்து இதைச் சொல்லாது. கணக்குத்தான் சொல்லும்.

முதல் கணக்கு: மூட்டைக்கு எவ்வளவு?

ஒரு கிலோ கிளிங்கர் செய்தால் சுமார் 850 கிராம் கரியமில வாயு வெளியாகிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டு கணக்கைப் பாருங்கள்.

ஓ.பி.சி. மூட்டையின் எடை 50 கிலோ. அதில் கிளிங்கர் சுமார் 47 கிலோ. ஆகவே புகை சுமார் 40 கிலோ.

30 பங்கு சாம்பல் சேர்ந்த பி.பி.சி. மூட்டையில் கிளிங்கர் சுமார் 33 கிலோ. ஆகவே புகை சுமார் 28 கிலோ.

மூட்டைக்கு 12 கிலோ மிச்சம். அந்த அம்மாவின் அறைக்கு 40 மூட்டை. ஓ.பி.சி. வாங்கினால் 1,600 கிலோ புகை. பி.பி.சி. வாங்கினால் 1,120 கிலோ. அரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக, 480 கிலோ மிச்சம். ஓர் ஏழை வீட்டின் ஓர் அறையிலேயே இவ்வளவு!

ஆனால் கணக்கு இதோடு முடியவில்லை. இது உலை வாசல் வரை உள்ள கணக்கு. சிமெண்டு உலையிலிருந்து லாரி ஏறுகிறது. கலவையாகிறது. சுவராகி நிற்கிறது. ஒரு நாள் இடிபடுகிறது. கல் வெட்டும் குழியில் தொடங்கிக் கட்டடம் இடியும் வரை எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பதுதான் முழுக் கணக்கு. அறிவியலார் இதை வாழ்நாள் மதிப்பீடு என்கிறார்கள்.

இரண்டாவது கணக்கு: எவ்வளவு தூரம்?

சாம்பல் தூரத்திலிருந்து வருகிறது. லாரி டீசல் குடிக்கிறது. அப்படியானால் மிச்சமான புகை எல்லாம் வழியிலேயே போய்விடாதா?

இதையும் கணக்குப் போடலாம். பத்து டன் லாரியில் 200 மூட்டை ஏறும். பாரத்தோடு போகும் லாரி ஒரு லிட்டர் டீசலுக்கு 4 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். 300 கிலோமீட்டருக்கு 75 லிட்டர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வரும். மொத்தம் சுமார் 200 கிலோ. 200 மூட்டைக்குப் பங்கிட்டால் மூட்டைக்கு ஒரு கிலோதான். லாரி வெறுமையாகத் திரும்பினாலும் இரண்டு கிலோவைத் தாண்டாது.

சிமெண்டு விஷயத்தில் வழியில் போவது ஒன்றிரண்டு கிலோ. மிச்சம் பன்னிரண்டு கிலோ. ஆகவே தூரத்துச் சாம்பலும் லாபம்தான்.

மணலும் ஜல்லியும் வேறு. அவற்றைச் செய்ய உலை இல்லை, புகையும் குறைவு. ஆனால் எடை அதிகம். ஒரு மூட்டை சிமெண்டுக்குப் பல மடங்கு எடை மணலும் ஜல்லியும் சேர்கின்றன. ஆகவே அவற்றை அருகிலிருந்து வாங்குவதே நல்லது.

மூன்றாவது கணக்கு: சாம்பலின் புகை யார் கணக்கில்?

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. சாம்பல் எங்கிருந்து வந்தது? நிலக்கரியை எரித்ததால் வந்தது. அங்கே வந்த புகையை யார் கணக்கில் எழுதுவது?

மாடு வளர்ப்பவரைக் கேட்டால் விடை சொல்வார். பாலுக்காக மாடு வளர்க்கிறோம். சாணம் தானாகக் கிடைக்கிறது. தீவனச் செலவைப் பால் கணக்கில்தான் எழுதுகிறோம். அதுபோல நிலக்கரியின் புகையை மின்சாரத்தின் கணக்கில் எழுதுகிறார்கள். சாம்பலைச் சேகரிக்கவும் கொண்டுவரவும் ஆகும் புகையை மட்டும் சிமெண்டின் கணக்கில் சேர்க்கிறார்கள்.

ஆனால் சாணத்துக்கே நல்ல விலை கிடைத்தால்? அப்போது தீவனச் செலவில் ஒரு பங்கைச் சாணத்தின் மேல் எழுதுவதுதானே நியாயம்? சாம்பலும் கசடும் இன்று விலைக்கு விற்கும் சரக்காகிவிட்டன. அதனால் கொஞ்சம் புகையை இவற்றின் கணக்கிலும் எழுத வேண்டும் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எப்படி எழுதுகிறார்களோ அப்படி விடை மாறும். ஆகவே ‘எங்கள் சிமெண்டில் புகை பாதிதான்’ என்று யாராவது சொன்னால், எதைச் சேர்த்தீர்கள், எதை விட்டீர்கள் என்று கேட்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நிலக்கரி மின் நிலையங்கள் குறையக் குறையச் சாம்பலும் குறையும். களிமண் சிமெண்டின் மேல் இப்போது இவ்வளவு கவனம் திரும்ப இதுவும் ஒரு காரணம்.

நான்காவது கணக்கு: எத்தனை ஆண்டு நிற்கும்?

இது மேஸ்திரியின் கையில் இருக்கிற கணக்கு.

சாம்பல் சேர்ந்த சிமெண்டு மெதுவாகத்தான் இறுகும். ஓ.பி.சி. ஏழு நாளில் காட்டும் வலிமையைக் காட்ட இதற்கு இன்னும் சில நாள் ஆகும். பிறகு வலிமை கூடிக்கொண்டே போகும். நன்றாக இறுகியபின் இதில் தண்ணீர் எளிதில் புகாது.

ஆனால் அதற்குப் பல நாள் ஈரம் வேண்டும். வெயில் காயும் வறண்ட காலத்தில் ஓ.பி.சி. காங்கிரீட்டுக்குப் பத்து நாளாவது தண்ணீர் விட வேண்டும். பி.பி.சி., பி.எஸ்.சி. காங்கிரீட்டுக்குப் பதினான்கு நாளாவது விட வேண்டும். மேஸ்திரிகள் இதைக் கியூரிங் என்பார்கள். சென்ட்ரிங் பலகையையும் அவசரப்பட்டுக் கழற்றக் கூடாது.

தங்கவயலில் தண்ணீர் கஷ்டம் எல்லோருக்கும் தெரியும். குடிக்கவே குடம் வரிசையில் நிற்கும் நாள்கள் உண்டு. அதனால் மூன்று நாள் தண்ணீர் விட்டு நிறுத்திவிடுவது பலர் வழக்கம். அப்படிச் செய்தால் காங்கிரீட்டின் மேற்பரப்பு நன்றாக இறுகாது. காற்றும் ஈரமும் உள்ளே புகும். கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும். கூரை வெடித்துப் பெயரும்.

இதையும் கணக்கில் பாருங்கள். ஓ.பி.சி. போட்டு 1,600 கிலோ புகையில் கட்டிய அறை 50 ஆண்டு நின்றால், ஆண்டுக்கு 32 கிலோ. பி.பி.சி. போட்டு 1,120 கிலோ புகையில் கட்டிய அறை, தண்ணீர் விடாததால் 25 ஆண்டில் விழுந்தால், ஆண்டுக்கு 45 கிலோ. பசுமை எங்கே போயிற்று? அதே பி.பி.சி. அறையை ஒழுங்காகக் கட்டி 50 ஆண்டு நிற்க வைத்தால் ஆண்டுக்கு 22 கிலோதான்.

ஆகவே மூட்டைக்கு மூட்டை பார்த்தால் போதாது. ஒரே அறை, ஒரே உறுதி, எத்தனை ஆண்டு என்று பார்த்துத்தான் இரண்டு சிமெண்டுகளை ஒப்பிட வேண்டும்.

தண்ணீர் குறைவாக இருந்தால் ஒரு வழி உண்டு. கூரையின் மேல் சுற்றிலும் சிறு பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கலாம். சுவரிலும் தூணிலும் நனைத்த சணல் சாக்கைச் சுற்றலாம். வாளி வாளியாக ஊற்றுவதைவிட இதற்குத் தண்ணீர் குறைவாகவே ஆகும்.

சயனைடு மேட்டு மண்ணில் கல் அடிக்கலாமா?

இனித் தம்பியின் கேள்விக்கு வருவோம்.

தங்கவயலில் 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வேலையைத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வந்து சேர்ந்தன. மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை தோண்டினார்கள். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன.

பொன் பாறைக்குள் துகள் துகளாக இருந்தது. பிற்காலத்தில் ஒரு டன் பாறைக்குச் சில கிராம் பொன்தான் கிடைத்தது. பாறையை மாவாக அரைத்தார்கள். சயனைடு கலந்த நீரால் பொன்னைக் கரைத்துப் பிரித்தார்கள். மிஞ்சிய மாவை வெளியே கொட்டினார்கள். நூறு ஆண்டுக்கு மேல் கொட்டியதுதான் இன்று நிற்கும் மேடுகள். 13 மேடுகளில் மூன்று கோடி டன்னுக்கு மேல் இருக்கிறது. காற்றடித்தால் அந்தத் தூள் வீடுகளுக்குள் வருகிறது.

இந்த மண் கட்டடத்துக்கு உதவுமா என்று இந்த ஊரிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். தங்கவயலில் 1988இல் தொடங்கப்பட்ட தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதைச் செய்தார்கள். ஆய்வு 2007இல் வெளிவந்தது. மேட்டு மண்ணோடு சிமெண்டு கலந்து சில கற்கள் செய்தார்கள். கரிசல் மண்ணும் செம்மண்ணும் கலந்து சுட்டுச் சில கற்கள் செய்தார்கள். எவ்வளவு சுருங்குகிறது, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று அளந்தார்கள்.

நூற்றுக்கு 20 பங்கு சிமெண்டு சேர்த்து 14 நாள் தண்ணீரில் வைத்த கல் தேறியது. ஆனால் விலை கட்டுப்படியாகாது என்று தெரிந்தது. மண் கலந்து சுட்ட கல்தான் விலைக்குக் கட்டுப்படியாகும் என்று கண்டார்கள்.

இதில் புகைக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்போம். மூன்று கிலோக் கல்லில் 20 பங்கு சிமெண்டு என்றால் 600 கிராம். பத்தடி அறைக்குச் சுமார் 4,000 கல் வேண்டும். அதற்கு 2,400 கிலோ சிமெண்டு. அதாவது 48 மூட்டை!

அறை முழுவதற்கும் மேஸ்திரி சொன்னது 40 மூட்டை. இப்போது கல்லுக்கு மட்டுமே இன்னும் 48 மூட்டை. ஓ.பி.சி. என்றால் 1,920 கிலோ புகை கூடுதல். குப்பையைப் பயன்படுத்துகிறோம் என்பது உண்மை. அதனால் புகை குறைகிறது என்பது உண்மையல்ல. தம்பி சொன்ன வழியில் செங்கல் காசு மிஞ்சுவது போலத் தெரியும். ஆனால் அது சிமெண்டுக் காசாகப் போய்விடும்.

புகை மட்டுமா கணக்கு?

புகை ஒரு பக்கம். நஞ்சு இன்னொரு பக்கம்.

சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதையும் பொருள். ஆனால் பொன் சுரங்கக் கழிவில் வேறு பொருள்களும் இருக்கக்கூடும். கந்தகம் இருந்தால் மழை நீரில் அமிலமாகும். ஆர்செனிக் போன்ற நஞ்சு இருந்தால் சிறிது சிறிதாகக் கசியும். ஒரு மேடு போல இன்னொரு மேடு இருக்காது.

கல் உறுதியாக இருப்பது வேறு. நஞ்சு இல்லாமல் இருப்பது வேறு. உறுதியைப் பாரம் ஏற்றிப் பார்த்துவிடலாம். நஞ்சை அறியத் தனிச் சோதனை வேண்டும். கல்லைப் பொடித்து நீரில் போட்டுப் பல மணி நேரம் குலுக்குவார்கள். பிறகு அந்த நீரில் என்ன கரைந்திருக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் பார்ப்பார்கள். சிமெண்டு சில நஞ்சுகளைக் கட்டிப் பிடித்து வைக்கும். எல்லாவற்றையும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. வீடு இடிபட்டுக் கல் மறுபடி தூளானால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும்.

தூசும் ஆபத்துதான். மேட்டு மண் அரைத்த பாறை. அதில் சிலிக்கா என்னும் நுண்தூள் உண்டு. அதை நாளெல்லாம் சுவாசித்தால் நுரையீரல் கெட்டியாகிவிடும். சுரங்கத் தொழிலாளர்களை வாட்டிய சிலிக்கோசிஸ் நோய் இதுதான். கலவை போடும் சித்தாளுக்கும் கொத்தனாருக்கும் இதே தூசுதான் மூக்கில் ஏறும்.

கணக்கின் மறுபக்கத்தையும் நேர்மையாக எழுத வேண்டும். மேட்டு மண் பாதுகாப்பாகப் பயன்பட்டால் மேடு குறையும். தூசு குறையும். பாலாற்று மணலை அள்ளுவது குறையும். இவை எல்லாம் வரவு. நஞ்சும் புகையும் செலவு. வரவையும் செலவையும் சேர்த்து எழுதுவதுதான் மதிப்பீடு.

2024 ஜூன் மாதம், இந்த 13 மேடுகளில் மிஞ்சியுள்ள பொன்னை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. பொன்னை எடுத்த பிறகும் மண் மிஞ்சும். அந்த மண்ணில் பசுமைக் கல் செய்யலாம், பசுமைச் சிமெண்டு செய்யலாம் என்று நாளை யாரேனும் வரலாம். வந்தால் நல்லதுதான். ஆனால் ஊர் மக்களுக்குக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. ஒரு மூட்டைக்கு, அல்லது ஒரு கல்லுக்கு, எவ்வளவு புகை? எதைச் சேர்த்து, எதை விட்டுக் கணக்கிட்டீர்கள்?

2. பொருள் எங்கிருந்து வருகிறது? எவ்வளவு தூரம்?

3. அதே வேலைக்கு எவ்வளவு பிடிக்கும்? எத்தனை ஆண்டு நிற்கும்?

4. நஞ்சுச் சோதனை செய்தீர்களா? எந்த ஆய்வுக்கூடம்? முடிவைக் காட்டுவீர்களா?

5. செய்பவர்களுக்குத் தூசு, தோல் நோய் வராமல் என்ன பாதுகாப்பு?

பெரிய சுரங்கத் திட்டங்களுக்கு அனுமதி தருமுன் பொதுவாக மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இதைச் சொல்கிறது. அந்தக் கூட்டத்தில் இந்தக் கேள்விகளை யாரும் எழுந்து கேட்கலாம். எழுதியும் கொடுக்கலாம்.

அறை எழும்புகிறது

திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமியார் அதுவரை பேசவில்லை. இப்போது பேசினார்.

“அந்தத் தூளைத் தின்னுதான் உன் மாமா இருமி இருமியே போனார். அதை இந்த வாசலுக்குள்ளே கொண்டு வரவேணாம்மா. யாராச்சும் சோதிச்சு எழுத்திலே கொடுக்கட்டும். அப்புறம் பார்க்கலாம்.”

தம்பி தலையைச் சொறிந்தான். “சரி பெரியம்மா” என்றான். அனுமதியில்லாமல் மேட்டு மண்ணை அள்ளுவது சட்டப்படி குற்றம் என்று மேஸ்திரியும் சொன்னார்.

அந்த அம்மா சிமெண்டு கடைக்குப் போனார். மூட்டையைத் திருப்பிப் பார்த்தார். இப்போது அவருக்குப் படிக்கத் தெரியும். பி.பி.சி. என்று போட்டிருந்தது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தது. எந்த வாரம், எந்த ஆண்டு செய்தது என்று இருந்தது. சாம்பல் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதும் அச்சிட்டிருந்தது. பச்சை எழுத்தை அவர் பார்க்கவே இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் பழைய மூட்டை ஒன்றை வேண்டாம் என்று தள்ளி வைத்தார்.

“நாற்பது மூட்டைக்கு மேலே ஒண்ணும் வேணாம் அண்ணே. கலவையிலே தண்ணியையும் அளந்து ஊத்துங்க. தண்ணி கூடினா பலம் குறையும்னு சொன்னீங்களே” என்றார் மேஸ்திரியிடம்.

கூரை போட்ட மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கினார்கள். சுவரில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டார்கள். பாத்திரம் கழுவிய கடைசி அலசல் தண்ணீரைக் கூட அந்த அம்மா செடிக்கு ஊற்றினார். சுத்தமான தண்ணீரைச் சுவருக்கு வைத்தார். சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டு நாளை எண்ணினார். பதினான்கு கோடு.

சிந்தித்துப் பாருங்கள்

உங்கள் ஊரில் விற்கும் சிமெண்டு மூட்டையில் என்னென்ன எழுதியிருக்கிறது? படித்து எழுதி வாருங்கள்.

உங்கள் தெருவில் கடைசியாகக் கட்டிய வீட்டுக்கு எத்தனை நாள் தண்ணீர் விட்டார்கள்? கேட்டுப் பாருங்கள்.

ஒரு வீட்டுக்கு 200 மூட்டை சிமெண்டு பிடிக்கிறது. ஓ.பி.சி.க்குப் பதில் பி.பி.சி. வாங்கினால் எவ்வளவு புகை மிச்சம்? மூட்டைக்கு 12 கிலோ என்று கொண்டு கணக்குப் போடுங்கள்.